பூச்சிக்கு ஒரு தட்டு உருண்டை

...அத்திப்பழத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள், முழுசாகத் தூக்கி மிக்ஸியில் போட்டால் பிளேடு மட்டும் சுற்றும், பழம் ஜாரின் சுவரில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும், காம்பைக் கிள்ளி, நாலாக நறுக்கி, பேரீச்சம்பழத்தோடு சேர்த்துப் போட்டால்தான் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு உள்ளே போகும், இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன, அதுவும் ஒரு பம்பு மெக்கானிக்குக்கு? சுற்றுகிற எதுவும் அவரிடம் வாலாட்ட முடியாது, தண்ணீரைச் சுற்றினாலும் சரி, பழத்தைச் சுற்றினாலும் சரி, பாரம் அதிகமானால் மோட்டார் கத்தும், கத்துவதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்கும், அந்த மூச்சு காதில் விழுந்ததும் சுவிட்சைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் சமையல். இதற்குப் போய் அவர் மனைவி காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுப்புப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அடுப்பே வேண்டாம்டி இதுக்கு, அதான் விசேஷமே, என்றார். வேக வைக்க வேண்டாம், வறுக்க வேண்டாம், சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வேண்டாம், பழத்தின் இனிப்பே தாராளம், அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், உருட்டிக் குளிர வைக்க வேண்டும்... வார்டில் படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் எங்கே வலிக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற நர்ஸம்மாவுக்கு, வீட்டில் இருக்கிற ஒரே ஒரு ஆளின் திறமை மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

திறமை மட்டும் இல்லை, முன்யோசனை. மருமகள் வருகிறாள், பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்படியே இன்டர்வியூவுக்குப் போகிறாள், அவள் வரும்போது மாமனார் பழச்சாறு வழிகிற சட்டையோடு நின்றால் என்ன மரியாதை? அதனால்தான் குளித்து வெள்ளைச் சட்டையைப் போட்ட கையோடு மனைவியின் ஏப்ரனை எடுத்துக் கட்டப் பார்த்தார், நாடா இரண்டும் தொப்பையைச் சுற்றிப் புறப்பட்டு, முதுகில் ஒன்றை ஒன்று சந்திக்க முடியாமல் திரும்பிவிட்டன, ஏப்ரன் தைத்தவனுக்கு மனிதர்களின் அளவே தெரியவில்லை. சரி என்று பின்கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டார், காக்கி, தொளதொள, கையை முழங்கைக்கு மேலே மடக்கிவிட்டால் எந்தப் பெரிய ஹோட்டல் சமையல்காரருக்கும் குறைச்சல் இல்லை. அந்தச் சட்டை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது மனைவியின் சட்டம், கல்யாணமான புதிதில் போட்டது, கிரீஸ் நாற்றம் தலையணை வரைக்கும் வருகிறதாம். இன்றைக்கு சட்டம் போட்டவளும் வீட்டில் இல்லை, சட்டையில் கிரீஸும் இல்லை, முகர்ந்து பார்த்துவிட்டுத்தானே போட்டார், நேற்று வெறும் வால்வு மாற்றுகிற வேலை, ஒரு பொட்டுக் கறை படவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு வாகாக ஒரு பையும் கிடைத்தது, இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே, பார்க்காமலே கை போகிற இடம்.

பேத்திக்கு என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவருக்கு அவள் பூச்சி, பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். அந்தப் பூச்சிக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைக் கலக்கும், சொறி வரும் என்கிற ஆகாது இல்லை... போன வருஷம், இதே கூடத்தில், பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து அவர்தான் கொடுத்தார், அதில் கடலை இருந்தது யாருக்குத் தெரியும், அவளுக்கு அது ஆகாது என்பதும்தான் அதுவரை யாருக்குத் தெரியும்? மென்று முடிக்கவில்லை, உதடு வீங்கிவிட்டது, கண் இடுங்கிவிட்டது, அப்புறம் அந்தச் சத்தம், காற்றுப் பிடித்த பம்பு இழுக்க முடியாமல் இழுக்குமே, அதே சத்தம், எத்தனையோ வீட்டுக் கிணற்றடியில் கேட்டு அசராதவர், ஒரு குழந்தையின் தொண்டையிலிருந்து அது வந்தபோது நின்ற இடத்திலேயே நின்றார். மனைவிதான் வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள், ஊசி போட்டார்கள், சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து பலூன் கேட்டாள், சரி, அது முடிந்துபோன கதை, அதை ஏன் இப்போது கிளற வேண்டும்... யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, மருமகள் சொல்லவே இல்லை, "உங்களுக்கு எப்படி மாமா தெரியும்" என்றுதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் குழந்தையின் சாப்பாடு கூடவே வருகிறது, மஞ்சள் மூடி போட்ட ஒரு டப்பாவில், தண்ணீர்கூடத் தனி பாட்டிலில். இன்னொன்று, அவள் கண். நன்றாகத்தான் பேசுவாள், சிரிப்பாள், கால் வலிக்கிறதா மாமா என்று அக்கறையாக விசாரிப்பாள், கண் மட்டும் அவர் கையின் பின்னாலேயே போகும், கதவைப் பிடித்தால் கதவுக்கு, டம்ளரை எடுத்தால் டம்ளருக்கு. என் கை என்ன திருடவா போகிறது என்று கேட்க ஒரு நாள் வாய் வரை வந்தது, மென்று விழுங்கினார், ஆனால் வலித்தது, வலிக்காமல் என்ன?

அப்படிப்பட்டவள்தான் போன வாரம் போன் செய்தாள். மகன் வேலையாக வெளியூர் போயிருந்தான், இவளுக்கு இன்டர்வியூ, குழந்தைக்காக விட்ட கணக்கு வேலையில் மறுபடி சேர ஒரு நல்ல இடம், இதை விட்டால் இன்னொன்று எப்போது வாய்க்குமோ, அத்தைக்கும் அன்றைக்கு டியூட்டி. "மத்தியானம் வரைக்கும்தான் மாமா, உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா?" போகட்டுமாவா! இதென்னம்மா கேள்வி, என்றார், குரல் லேசாக உடைந்தது, இருமிச் சமாளித்தார். அதோடு போனை வைத்திருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே? "சாப்பிட நானே ஏதாச்சும் செஞ்சு வைக்கிறேம்மா, கடலை கிடலை எதுவும் இல்லாம, வெறும் பழத்துல உருண்டை, போன்ல பார்த்தேன், உடம்புக்கு ரொம்ப நல்லதாம். குடுக்கலாமா?" அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், போகவில்லை, நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு, "செய்யுங்க மாமா. நீங்க பார்த்துச் செஞ்சா குடுக்கலாம்" என்றாள். அந்தச் சத்தமில்லாத நேரத்தைத்தான் அவர் ஒரு வாரமாக மடியில் கட்டிக்கொண்டு அலைகிறார். எதற்காக அவ்வளவு நேரம்? வேண்டாம் என்று சொல்ல வந்து மாற்றிக்கொண்டாளா? அல்லது டப்பா இல்லாமல் வரலாமா என்று யோசித்தாளா? எதுவானால் என்ன, கடைசியில் வந்தது சரி என்கிற பதில்தானே, அது போதும், அதை வைத்துக்கொண்டு அவர் மலையையே புரட்டுவார்.

பார்த்துச் செய்யச் சொன்னாளே, பார்த்துத்தான் செய்கிறார், இவ்வளவு பார்த்து எந்த டாக்டரும் ஆபரேஷன் செய்திருக்க மாட்டான். முதலில் வாங்கிய பேரீச்சம்பழ பாக்கெட்டின் பின்னால், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், கடலை வகைகளைக் கையாளும் இடத்தில் கட்டப்பட்டது என்று போட்டிருந்தது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், நேராகக் கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தார், கடைக்காரர், "பெரியவரே, இதையெல்லாம் யாரு படிக்கிறா?" என்றார், நான் படிக்கிறேன், என்றார், அடுத்த கடைக்கு நடந்தார். ஓட்ஸும் அப்படித்தான், சூரியகாந்தி விதையும் அப்படித்தான், உலர்ந்த திராட்சைக்காக மூன்று தெரு சுற்றினார். மிக்ஸி ஜாரைக் கழற்றியதைப் பார்த்து மனைவியே வாயடைத்துப் போனாள், அவள் என்னவோ சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று நினைத்தாள், கழுவினால் மேலே போகும், ரப்பர் வாஷருக்கு அடியில் இருப்பது எப்படிப் போகும்? பிளேடைத் திருகிக் கழற்றி, வாஷரைத் தூக்கி எறிந்து, புது வாஷர் போட்டு, வெந்நீரில் ஊறவைத்து... தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒழுகல் இருக்காது, அது எங்கேயோ தள்ளி, யாரும் பார்க்காத ஒரு மூட்டில் இருக்கும், குழாய் வழியாக ஓடி வந்து இங்கே சொட்டும், இதைப் பிடிக்கத்தான் அவரைத் தேடி வருகிறார்கள். வீட்டிலிருந்த கடலை டின்னை அப்படியே பக்கத்து வீட்டு டெய்லரிடம் கொடுத்தாயிற்று, அந்த ஆள் வாங்கிக்கொண்டு, இன்னொரு டின் இருக்கா என்று கேட்டான். அலமாரி அலமாரியாக மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள், வீட்டுக்குள் ஒரு கடலை கிடையாது, வேலைக்குப் போன இடத்தில் பம்பு ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் கொறிக்கிற ஒரு கைப்பிடி வேறு கணக்கு, அது வெளியே தின்று வெளியே முடிகிற சமாச்சாரம். கையையும் அவள் கற்றுக்கொடுத்த மாதிரியே கழுவினார், விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை வரை, ஆஸ்பத்திரிக் கழுவல்.

இப்போது பார், கலவை கொஞ்சம் இளகிவிட்டது, பேரீச்சம்பழத்தை வெந்நீரில் கூடுதலாக ஊறவிட்டுவிட்டார் போலிருக்கிறது, இன்னொருவராக இருந்தால் பதறுவார்கள், இதில் பதற என்ன இருக்கிறது? எவ்வளவு ஓட்ஸ் சேர்க்கலாம் என்று போனை எடுத்தார், பையிலிருந்து கண்ணாடி, படித்தார், கண்ணாடி பைக்குள், ஒரு பிடி ஓட்ஸைப் பொடித்துத் தூவிப் பிசைந்தார், அள்ளி மூடிப் பிடித்துப் பார்த்தார், விரல் தடம் அப்படியே நின்றது, பெருவிரலால் அழுத்தினால் பிளந்து விழுந்தது, அதுதான் பதம், குழாய் மூட்டில் ஒழுகலை அடைக்கிற புட்டிப் பசைக்கும் இதே பதம்தான். உள்ளங்கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு உருட்ட வேண்டும், அழுத்தி உருட்டினால் நசுங்கும், பயந்து உருட்டினால் விரியும், நடுவில் ஒரு பிடி இருக்கிறது, அது கைக்குத் தெரியும், ஆளுக்குத் தெரியாது. பெரிய நெல்லிக்காய் அளவு, பூச்சி இரண்டு கடியில் முடிப்பாள், முடித்துவிட்டு, தாத்தா இன்னொண்ணு என்பாள், அவர் மருமகளைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், தன் கையால் எடுத்துத் தருவார்... ஒரு வருஷமாக அந்தக் கையால் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் தந்ததில்லை. விரலில் மெலிசாக ஒரு தோல் ஒட்டியிருந்தது, செம்பழுப்பு, பேரீச்சம்பழத் தோல், எவ்வளவு அரைத்தாலும் ரெண்டு மூன்று தப்பித்துவிடும், எடுத்துச் சுண்டினார். கண்ணாடியில் ஏதோ பொடி படிந்து மங்கலாகத் தெரிந்தது, ஊதி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி பைக்குள். அடுத்த உருண்டை.

தட்டு நிறைந்தபோது அவருக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது. பாதியைத் தேங்காய்த் துருவலில் புரட்டினார், பாதியை எள்ளில் புரட்டலாமா என்று யோசித்து, எள்ளும் சில பேருக்கு ஆகாது என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து, வேண்டாம் என்று விட்டார், பாருங்கள், இவ்வளவு தூரம் யோசிக்கிற ஒரு ஆள். போன் அடித்தது, மனைவி, வார்டிலிருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ன, வீடு இருக்கா?" என்றாள். இருக்கு, ஜோரா இருக்கு, நீ வந்து பாரு, கடையில வாங்கினா இந்த நேர்த்தி வராது. "கை கழுவினீங்களா?" கழுவினேன். "அவ வந்ததும் பேசிக் கழுத்தறுக்காதீங்க, அவளை நேரத்துக்கு அனுப்பி வைங்க. அந்த வேலை கிடைச்சா அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாகும்." தெரியும்டி, எல்லாம் தெரியும், என்றார். வைத்துவிட்டுத் தட்டை ஃப்ரிட்ஜுக்குள் தள்ளப் போனார், ஒரு உருண்டை சரியாக உருளவில்லை என்று பட்டது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார், அப்படி ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. வாசலில் மணி அடித்தது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார், அவசரத்தில் கொஞ்சம் ஆழமாகப் போட்டுவிட்டார், விரல் பையின் அடியைத் தொட்டது.

அடியில் நறநறவென்று ஏதோ இருந்தது. நறநறவென்று பொடி, தோல், மெலிசாக, காய்ந்து... எடுத்துப் பார்த்தார், செம்பழுப்பு. பேரீச்சம்பழத் தோல் எப்படி பைக்குள் வரும்? இன்னொரு முறை விரலை விட்டார், ஒரு மூலையில், தையல் ஓரத்தில், கடலையின் உடைந்த அரைப் பருப்பு ஒன்று சிக்கியது, நேற்று வால்வு மாற்றிவிட்டுப் பம்பைப் போட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாரே, அப்போது... ஆமாம், இடது பை, எப்போதும் இடது பை, கை பார்க்காமல் போகும், பார்க்காமல் எடுக்கும், பார்க்காமல் வாயில் போடும், தான் தின்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது, அது பம்புச் சத்தத்தோடு சேர்ந்த ஒரு சத்தம். அந்தப் பைக்குள் இன்று காலையில் கண்ணாடி எத்தனை முறை போய் வந்தது? போன் படிக்க, துடைக்க, குனிந்து பார்க்க, ஒவ்வொரு முறையும் வெளியே வந்த விரல் நேராகக் கலவைக்குள்ளேதானே போனது? ஆஸ்பத்திரிக் கழுவல்! மறுபடி மணி அடித்தது, இந்த முறை இரண்டு தரம், அது பூச்சியின் கை, அம்மா தூக்கிப் பிடித்திருப்பாள். தட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு, சரியா வரலைம்மா, கெட்டுப்போச்சு, என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? அவள் பாட்டுக்கு இன்டர்வியூவுக்குப் போவாள், சட்டையை வெளியே எறிந்துவிட்டால் விஷயம் முடிந்தது... முடிந்ததா? சுவிட்சைத் தொட்டார், குழாயைத் தொட்டார், டம்ளர், நாற்காலி, போன், ஃப்ரிட்ஜின் கைப்பிடி, பூச்சியின் உயரத்துக்கு இந்த வீட்டில் அவர் விரல் படாத இடம் எது? இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டு மத்தியானம் வரை ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார முடியுமா, அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு? சொன்னால் இன்டர்வியூ போச்சு, டப்பா திரும்ப வரும், இந்த ஜென்மத்தில் இனி ஒரு போன் வராது. தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளித் திறந்தார்.

நல்ல புடவை, தோளில் பை, கையில் ஒரு ஃபைல், இடுப்பில் பூச்சி. மஞ்சள் மூடி டப்பா இல்லை. முதலில் அவர் கண் அதைத்தான் தேடியது, பைக்குள் இருக்குமோ என்று பார்த்தது, பை தட்டையாக இருந்தது, அவசரத்துக்கு ஊசி மருந்து ஒன்று வைத்திருப்பாள், வேறு எதற்கும் அதில் இடம் இல்லை, டப்பாவை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பூச்சி, தாத்தா என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி இடுப்பிலிருந்தே பாயப் பார்த்தாள், எப்போதும் செய்கிறதுதான், பாய்ந்து, நெஞ்சில் தொற்றி, பைக்குள் கையை விட்டுக் கண்ணாடியை உருவுவாள், அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் வணக்கம். அவர் பின்னால் போனார். அவள் பிறந்ததிலிருந்து முதல் முறையாக, கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, போலீஸ்காரன் முன்னால் நிற்கிறவன் மாதிரி, சுவர் வரைக்கும் பின்னால் போனார். குழந்தைக்கு உதடு பிதுங்கியது. "என்னாச்சு மாமா?" "அவளை விடாதம்மா, பிடிச்சுக்க. கிட்ட வராத... இந்தச் சட்டைப் பையில கடலை கிடக்கு, வேலையில கொறிக்கிறது. எனக்குத் தோணவே இல்லை. இந்தக் கையாலதான் உருட்டினேன், வீடு பூரா இந்தக் கையாலதான் தொட்டிருக்கேன்." மருமகள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள், உள்ளே சமையல் மேடையில் இருந்த தட்டைப் பார்த்தாள், வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல், பாதி தேங்காய்ப் பூ போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தனையும் நீங்களே உருட்டினீங்களா?" அவர் தலையை ஆட்டினார். கைக் கடிகாரத்தைப் பார்த்தாள். "சட்டையெல்லாம் கழட்டிப் பின்னாடி போட்டுட்டுக் குளிச்சிட்டு வாங்க மாமா, தலைக்கும் சேர்த்து. நாங்க வெளிய நிக்கிறோம்" என்றாள்.

குளியலறையில் சோப்பு நுரைத்து நுரைத்து வழிந்தது, இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, நகக்கண், விரல் இடுக்கு, இந்தக் கையை எவ்வளவு நேரம் தேய்த்தால் இது அவருடைய கையாகும் என்று தெரியவில்லை. வெளியே நிற்கிறோம் என்றால், அவர் குளித்து வரும் வரை நிற்கிறேன் என்று அர்த்தமா, ஆட்டோ வரும் வரை நிற்கிறேன் என்று அர்த்தமா? வீட்டுக்குள் விடாவிட்டால் என்ன, வெளியே மரத்தடியில் வைத்துக் கதை சொல்லலாம், ஓடிப் பிடித்து விளையாடலாம், பட்டினியாக அல்லவா இருப்பாள், டப்பா இல்லையே, கடையில் முழு வாழைப்பழம் வாங்கி அவளையே உரித்துக்கொள்ளச் சொல்லலாம்... முடியும், இன்னமும் முடியும், அவள் மட்டும் சரி என்று சொன்னால். ஒரு வருஷமாக அந்தப் பெண்ணின் கண் தன் கையின் பின்னாலேயே வருகிறது என்று மனதுக்குள் எவ்வளவு கறுவியிருக்கிறார், இப்போது நினைத்தால், அவர் பேசும்போது, சிரிக்கும்போது, அந்தக் கை தானாக எழுந்து இடது பக்கம் போவதை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள்? அது எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா? குழாயை மூடினார். வாசல் பக்கம் காதைக் கொடுத்தார், ஓடுகிற பம்பில் எது பிசகுகிறது என்று கேட்பாரே, அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பூச்சி ஏதோ கேள்வி கேட்டாள், அம்மா ஏதோ சொன்னாள், வார்த்தை புரியவில்லை, கேட் இரும்பு, திறந்தால் கிறீச்சென்று கத்தும், எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்துப் போடாமல் விட்ட கேட், இதுவரை கத்தவில்லை.